அளவு பொருந்தாத ஒரு வார்த்தை

“விழுங்க.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். காலையிலிருந்து வார்டில் முப்பது பேருக்கு மாத்திரை கொடுத்துவிட்டு வந்திருக்கும் நர்ஸ் அவள். அந்தச் சொல்லுக்கு அவளுக்குத் தெரிந்தது ஒரே அர்த்தம்தான்.

“எதை?” என்றாள்.

கடைக்காரன் ஒரு கணம் விழித்தான். “எதையா... கீழ விழுங்க. அந்த மெத்தை மேல.”

அப்போதுதான் கவனித்தாள். தொங்கும் ஜாக்கெட்டுகளின் இரண்டு வரிசைகளுக்கு நடுவே, பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி அறையில் கிடப்பது போல் ஒரு தடித்த நீல மெத்தை. வெளியே மழை. கடை முழுக்க ஈரக் குடை வாசம். பிடித்த வெள்ளை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, அட... நான்தானா இது என்று கண்ணாடியில் தன்னையே ஓரக்கண்ணால் ரசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் இந்த ஆள் வந்து விழச் சொல்கிறான்.

“நான் விழுறதுக்கு வரலைங்க. ஜாக்கெட் வாங்க வந்திருக்கேன்.”

“விழுந்து பார்க்காம வாங்கினா அது கண்ணாடிக்கு வாங்கின ஜாக்கெட். பனிச்சறுக்குக்கு வாங்கினது இல்ல. புதுசா கத்துக்கிறீங்கதானே?”

“ஆமா.”

“அப்போ நீங்க விழுவீங்க.”

அவன் சொன்னதில் கேலி இல்லை. அடுப்பு சுடும் என்று சொல்வது போல சாதாரணமாகத்தான் சொன்னான். ஆனால் சொல்லக் கூடாத ஆளிடம் சொல்லிவிட்டான்.

வீட்டில் அவளுக்குப் பெயர் தடுக்கி. சமதரையில் தடுக்குவாள், கல்லே இல்லாத இடத்தில் கால் இடறுவாள். அண்ணன் வைத்த பெயர். வைத்து இருபது வருஷம் ஆகிறது, இன்னும் அவனுக்கு அலுக்கவில்லை. மலை மேலிருக்கும் சின்ன மருத்துவமனையில் பொறுப்பு நர்ஸ் வேலைக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று போன வாரம் அவள் சொன்னபோது கைகொடுத்தான். பனிக்காலத்தில் அங்கே நோயாளிகளின் வீட்டுக்குச் சறுக்கிக்கொண்டுதான் போக வேண்டுமாம், அதற்கு ஒரு தேர்வு இருக்கிறதாம், தேறினால்தான் வேலையாம் என்று அவள் முடித்தபோது... கொடுத்த கையை எடுத்துக்கொண்டு சோபாவில் உருண்டு உருண்டு சிரித்தான்.

“பேசாம லிஸ்ட்ல அடுத்தது யாரோ அவங்களுக்கு விட்டுக்கொடுத்துடு தடுக்கி. இருக்கிற ரெண்டு காலையாவது காப்பாத்திக்கோ.”

எட்டு வருஷமாக அடுத்தவர் எழுதிய மருந்தை அடுத்தவர் சொன்ன நேரத்தில் கொடுத்து வந்தவள் அவள். முதல் தடவையாக ஓர் அறைக் கதவில் அவள் பெயரை எழுதப் போகிறார்கள். அதை விட்டுக்கொடுப்பதா... அந்தக் கதவைத் திறக்காமல் ஓய்வதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டாள். தேர்வுக்கு இன்றோடு சேர்த்துப் பதினைந்து நாள் இருந்தது.

இப்போது வந்து இவனும் விழுவீங்க என்கிறான்.

“நான் விழுவேனா மாட்டேனான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? ஜோசியம் பார்க்கிறீங்களா?”

“இல்லைங்க. பேண்ட் விக்கிறேன்.”

அந்த நிதானம்தான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நல்ல உயரம். கண்கள் மட்டும்... சண்டைக்கு நிற்கும்போது கவனிக்கக் கூடாத அளவுக்கு அமைதியான கண்கள். கவனித்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். அவன் இடது காலைச் சரியாக மடக்காமல் நடந்துபோய், ஒரு ஜாக்கெட்டைக் கொண்டுவந்து கவுண்டரில் விரித்தான். ஆரஞ்சு. கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு.

“இதைப் பாருங்க. தையல் மேலெல்லாம் உள்பக்கம் பட்டை ஒட்டியிருக்கு, தண்ணி இறங்காது. அக்குள்ல ஜிப் இருக்கு, வேர்த்தா திறந்து விட்டுக்கலாம். உள்ள இடுப்பைச் சுத்தி எலாஸ்டிக் துணி தெரியுதா, பனிப்பாவாடைன்னு சொல்வோம். விழுந்தா முதுகு வழியா பனி உள்ள போகாது.”

“பாவாடையா...”

“பேரு நான் வைக்கலைங்க.”

“இந்த வெள்ளையில அது இல்லையா?”

“இல்ல. அது மலைக்குப் போய் காப்பி குடிச்சுட்டு போட்டோ எடுத்துட்டு வர்றவங்களுக்கு. அதை விடுங்க, வெள்ளையே வேண்டாம். பனியில வெள்ளை தெரியாது. நீங்க விழுந்து கிடக்கிறது பின்னாடி வர்றவனுக்குத் தெரியணும்.”

மறுபடியும் விழுந்து கிடக்கிறது.

“இதைப் போட்டா ரோடு போட வந்தவ மாதிரி இருப்பேன்.”

“இருந்தா நல்லது. ரோடு போடுறவங்க மேல யாரும் வண்டி ஏத்தறதில்ல.”

பேண்டிலும் இதே கதைதான். அவள் எடுத்தது காலோடு ஒட்டிய கறுப்பு. அவன் நீட்டியது தோளில் வார் மாட்டி, மார்பு வரை ஏறும், ஓர் அளவு பெரிய பேண்ட். முட்டியை மடக்கணும், உள்ள கம்பளி போடணும், எங்க பிடிச்சாலும் மூணு விரல் இடம் இருக்கணும் என்று விரலை விரித்துக் காட்டினான். இதை யானைக்கு இரவல் கொடுக்கலாம் என்றாள் அவள். யானைக்கு வேற சைஸ் இருக்கு என்றான் அவன். கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எனக்கு வெள்ளைதான் வேணும். அந்தக் கறுப்புதான் வேணும். வாங்குறது நானா நீங்களா?”

“விழப்போறதும்...” என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். இரண்டையும் எடுத்து மடித்தான். மடிக்கும்போது அந்த வெள்ளைக் காலரை ஒருமுறை தேவையே இல்லாமல் தடவிச் சரிசெய்தான். “பதினஞ்சு நாளுக்குள்ள கொண்டுவந்தா மாத்திக்கலாம். பணம் திரும்பக் கிடையாது, பதிலுக்கு வேற எடுத்துக்கலாம். உபயோகிக்காம இருக்கணும்.”

கவுண்டருக்கு மேலே தொங்கிய போர்டிலும் அதுவேதான் எழுதியிருந்தது.

மாற்றவா? நானா? பையை வாங்கிக்கொண்டு கதவு வரை போய்த் திரும்பினாள். இந்த ஆளை ஒரே வார்த்தையில் பத்தடி தள்ளி நிறுத்திவிட்டுப் போக வேண்டும் என்று இருந்தது. அதற்கென்றே ஒரு வார்த்தை இருக்கத்தான் இருக்கிறது, எல்லாப் பெண்களும் கைப்பையில் வைத்திருப்பது.

“ரொம்ப நன்றி... அண்ணா,” என்றாள். அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் நன்றாக அழுத்தி.

அவன் முகம் சட்டென்று வாடியது. மழையில் குடையை விரிக்கும்வரை அவள் அதைப் பற்றி நினைக்கவில்லை. விரித்த பிறகு நினைத்தாள்.

*

பேருந்தில் ஒரு மணி நேரம் போனால் பனிச்சறுக்கு பழகும் சரிவு. மறுநாள் காலை ஷிப்டை மாற்றிக்கொண்டு போனாள்.

முதல் மணி நேரத்தில் பதினான்கு தடவை விழுந்தாள். எண்ணினாள், ஏனென்றால் விழுந்து கிடக்கும்போது வேறு வேலை இல்லை. மூன்றாவது தடவையே ஜாக்கெட் மேலே ஏறி, முதுகில் ஒரு கை பனி போய் உட்கார்ந்துகொண்டது. ஒட்டிய கறுப்புப் பேண்டில் முட்டியை மடக்க முடியவில்லை. மடக்காததால் விழுந்தாள், விழுந்ததால் நனைந்தாள். நனைந்த பருத்தி பனியன் உடம்போடு ஐஸாக ஒட்டிக்கொண்டது. பற்கள் தந்தியடித்தன.

“எழுந்திரி. மறுபடி,” என்றாள் கோச்சம்மா. ஐம்பது வயது, கழுத்தில் விசில், இரக்கம் என்பதே அகராதியில் இல்லாத முகம்.

எழுந்தாள். மறுபடி விழுந்தாள். பதினைந்தாவது தடவை சரிவின் நடுவே மல்லாந்து கிடந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது விசில் அலறியது. திரும்புவதற்குள் தலைக்கு ஒரு முழத்துக்கு அப்பால் இரண்டு சறுக்குப் பலகைகள் விர்ரென்று போயின. போனவன் கீழே தடுமாறி நின்று, வெளுத்துப்போன முகத்தோடு கத்தினான்.

“மன்னிச்சுடுங்க... ஆளு இருக்கிறதே தெரியல.”

கோச்சம்மா அவளைக் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். “நாளைக்கு இந்த வெள்ளையில வந்தா உன்னைச் சரிவுல ஏத்த மாட்டேன். யாரு உனக்கு இதை வித்தது?”

வித்தவன் பாவம், வேண்டாம் என்றுதான் சொன்னான். அழுகை தொண்டை வரை வந்தது. விழுங்கினாள். கோபத்தை விழுங்கினாள், அவமானத்தையும் சேர்த்து விழுங்கினாள். ஓரத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் எப்படி விழுகிறார்கள் என்று பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகும் பேருந்தை விட்டுவிட்டுக் கடைப்பக்கம் போகும் பேருந்தில் ஏறினாள்.

*

நனைந்த கோழியாகக் கடைக்குள் நுழைந்தவளை அவன் ஒரே பார்வையில் பார்த்துவிட்டான். இப்போது சொல்வான்... நான்தான் அப்பவே சொன்னேனே என்று. அதைக் கேட்டுக்கொள்ளத் தயாராக நின்றாள்.

அவன் உள்ளே போய் ஒரு துண்டைக் கொண்டுவந்து கொடுத்தான். ஹீட்டரை அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

திட்டியிருந்தால்கூடச் சமாளித்திருப்பாள். இதை எப்படிச் சமாளிப்பது...

“இதை மாத்தச் சொல்லி வரல,” என்றாள் துண்டுக்குள்ளிருந்து. “உபயோகிச்சாச்சு. புதுசா வாங்கத்தான் வந்தேன். அந்த ரோடு போடுற ஜாக்கெட். அப்புறம் யானை பேண்ட்.”

“எடுத்து வச்சிருக்கேன்.”

“எப்போ?”

“நேத்து நீங்க போனதும்.”

மாட்டிக்கொண்டு வந்தாள். மெத்தையின் ஓரத்தில் நின்றாள். “சொல்லுங்க. எப்படி விழணும்?”

“பின்பக்கமா விழாதீங்க, கையை ஊனாதீங்க. பக்கவாட்டுல... ஒரு ஓரமா உட்கார்ற மாதிரி. முட்டி ரெண்டும் சேர்ந்தே இருக்கட்டும்.”

விழுந்தாள். இடப்பக்கம், வலப்பக்கம், முன்னால். அவன் அவளைத் தொடவே இல்லை. துணி அளக்கும் மர ஸ்கேலை வைத்துக்கொண்டு தள்ளி நின்று, முதுகில் இடைவெளி தெரிகிறதா, மணிக்கட்டில் கையுறைக்கும் கைக்கும் நடுவே தோல் தெரிகிறதா என்று சுட்டிச் சுட்டிப் பார்த்தான். பருத்தி பனியன் ஈரத்தை விடாது, உள்ளே இதைப் போடுங்க என்று மெல்லிய கம்பளிச் சட்டை ஒன்றை எடுத்து வைத்தான். எட்டாவது தடவை விழுந்து நிமிர்ந்தபோது, குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அவன் கண்கள் மிக அருகில் இருந்தன. இரண்டு பேருமே ஒரு வினாடி அதிகமாகப் பார்த்துவிட்டார்கள்.

“ஒரு விரல்கூட இடைவெளி இல்ல,” என்று ஸ்கேலைப் பார்த்துச் சொன்னான்.

அவளும் சட்டென்று நர்ஸாகிவிட்டாள். “அந்த முட்டி எப்போ உடைஞ்சது?”

“ஆறு வருஷம் ஆச்சு. அன்னைக்கு நானும் வெள்ளைதான் போட்டிருந்தேன்.” அவன் மெத்தையின் மடிப்பைக் காலால் சரிசெய்தான். “ஒரு மேட்டுக்குப் பின்னாடி கிடந்தேன். தேடி வந்தவங்க ரெண்டு தடவை என்னைத் தாண்டிப் போனாங்க. கூப்பிட்டேன், காத்துல கேக்கல. மூணாவது தடவை என் கையுறையைப் பார்த்துட்டாங்க. அது சிவப்பு. அப்புறம் நான் மலைப்பக்கமே போகல.”

நேற்று இவனை என்னவெல்லாம் பேசினோம்...

“இதை நேத்தே சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா பயந்துபோய் கத்துக்காமலே போயிடுவாங்க. நீங்க கத்துக்கணும். அதான் மெத்தை.”

*

அதன்பிறகு அவள் நாட்கள் மூன்றாகப் பிரிந்தன. ஷிப்ட், சரிவு, கடை. கடைக்கு ஒரு காரணம் தேவையாக இருந்தது, அதனால் தினம் ஒரு காரணம் கண்டுபிடித்தாள். ஒருநாள் கையுறை இறுக்கமாம், ஒருநாள் தோள் வாரில் கொக்கி சரியில்லையாம். கொக்கியை வாங்கிப் பார்த்தவன் அதில் எந்தக் குறையும் இல்லை என்று தெரிந்தும் பத்து நிமிடம் சரிசெய்தான்.

“இன்னைக்கு எத்தனை?”

“இருபத்தி ஆறு.”

“நேத்து முப்பத்தொண்ணு. பரவாயில்லையே.”

“பரவாயில்லையா? நாளைக்கு இருபதுக்குக் கீழ கொண்டுவரேன் பாருங்க.”

கொண்டுவந்தாள். இருபது, பன்னிரண்டு, ஒன்பது. உடம்பில் நீலம் பாரிக்காத இடமில்லை. வீட்டில் அண்ணன் தைலக் குப்பியை நீட்டி, “போதும்டி, தோத்தா யாரும் சிரிக்க மாட்டோம்,” என்றான். அவன் உண்மையாகவே கவலைப்பட்டுச் சொன்னதுதான் அவளுக்கு இன்னும் ரோஷமாக இருந்தது. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மறுநாள் மறுபடியும் போனாள். வார்டில் நோயாளிக்கு மாத்திரையைக் கொடுத்து “விழுங்குங்க” என்று சொல்லும்போதெல்லாம் தானாகச் சிரிப்பு வந்தது. ஏம்மா சிரிக்கிறே, மருந்து மாறிப்போச்சா என்று ஒரு பெரியவர் பயந்தே போனார்.

பதிமூன்றாம் நாள் சாயங்காலம், எண்ணிக்கை நான்கு என்று சொல்லிவிட்டு, கவுண்டரில் கிடந்த ஜிப்பை இழுத்து இழுத்து மூடியபடி கேட்டாள்.

“நாளன்னைக்கு மத்தியானம் தேர்வு. நீங்க... வந்து பார்ப்பீங்களா?”

அவன் முகம் மலர்ந்தது. மலர்ந்ததை அவள் பார்த்தாள். அடுத்த நிமிடம் அவனாகவே அதை மடித்து உள்ளே வைத்துக்கொண்டான்.

“கடை இருக்குங்க. அப்புறம்... உங்க அண்ணன் வருவாருல்ல. ஒரு அண்ணன் போதாதா.”

“என்னது?”

“ஒண்ணுமில்லைங்க. நீங்க தேறிடுவீங்க.”

வெளியே வந்தாள். மழை பிடித்துக்கொண்டிருந்தது. கண் எரிந்தது... சே, இவன் யார், இவன் வராவிட்டால் எனக்கென்ன. குடையை விரிக்கவே தோன்றாமல் படியில் நின்றவள் பக்கத்தில் முதலாளியம்மா வந்து நின்றாள்.

“அவனைத் திட்டாதேம்மா. நானும் பத்து நாளா சொல்லிப் பார்த்துட்டேன். அந்தப் பொண்ணு கொக்கிக்கா வருதுன்னு. கேக்க மாட்டேங்கிறான்.”

“என்ன சொல்றாரு?”

“அவங்க என்னை அண்ணான்னு கூப்பிட்டிருக்காங்கம்மா, ஒரு நம்பிக்கையில கூப்பிடுறதை நான் வேற மாதிரி எடுத்துக்கிட்டா அது தப்புங்கிறான். ராத்திரி சாப்பாடுகூட சரியா இறங்குறதில்ல அவனுக்கு, ஆனா அந்த வார்த்தையை மட்டும் கெட்டியா பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்கான்.”

அவள் அப்படியே நின்றாள். அந்த வார்த்தையா... கோபத்தில் எறிந்துவிட்டுப் போன ஒன்றை இந்த மனிதன் எடுத்துத் துடைத்து, மரியாதையாகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறானே. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இப்போதே உள்ளே போய்ச் சொல்லிவிடலாமா என்று ஒரு கால் திரும்பியது. இல்லை. முதலில் தேர்வு. தோற்றுவிட்டு ஆறுதல் தேடி வந்தவளாக அவன் முன்னால் நிற்கக் கூடாது, ஜெயித்துவிட்டு வந்து கேட்க வேண்டும். கண்ணாடிக் கதவு வழியாகக் கவுண்டருக்கு மேலிருந்த போர்டை ஒருமுறை படித்தாள். இன்னும் இரண்டு நாள் இருந்தது.

*

மூன்று தடவை மேலிருந்து கீழே வர வேண்டும். சிவப்புக் கொடிக்கு முன்னால் நிற்க வேண்டும். விழலாம். ஆனால் யாரும் கைகொடுக்காமல் தானே எழ வேண்டும். இவ்வளவுதான் தேர்வு.

முதல் தடவை வந்தாள். இரண்டாவது தடவையும் வந்தாள். கீழே வேலிக்குப் பின்னால் அண்ணன் இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, மூச்சு விட மறந்து நின்றிருந்தான்.

மூன்றாவது தடவை பாதிச் சரிவில் பலகையின் நுனி எங்கோ பிடித்துக்கொண்டது. தெரிந்துவிட்டது, விழப்போகிறோம் என்று. பக்கவாட்டில்... ஓரமாக உட்காருவது போல... முட்டி இரண்டும் சேர்ந்தே. விழுந்தாள். பனியைச் சீவிக்கொண்டு பத்தடி போய் நின்றாள்.

அண்ணன் வேலியைத் தாண்டப் போனான். கோச்சம்மா அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள். மேலிருந்து சறுக்கி வந்துகொண்டிருந்தவர்கள் அந்த ஆரஞ்சைப் பார்த்துத் தூரத்திலேயே விலகிப் போனார்கள்.

முதுகில் ஒரு துளி பனி இல்லை. முட்டி நன்றாக மடங்கியது. அவள் பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து, கையை இடுப்புப் பக்கம் ஊன்றி, எழுந்தாள். கொடிக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றாள்.

கோச்சம்மா காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். “விழுறதுக்கு யாரு கத்துக்கொடுத்தது உனக்கு? நான் இல்ல.”

“பேண்ட் விக்கிறவரு.”

அண்ணன் பக்கத்தில் வந்தான். சிரிக்கவில்லை. மூக்கை உறிஞ்சினான். “இனிமே உன்னை என்னன்னுடி கூப்பிடுறது... வா, வீட்டுக்குப் போகலாம்.”

“வீட்டுக்கு இல்ல. கடைக்கு. ஏழு மணிக்கு மூடிடுவாங்க, இன்னைக்குப் பதினஞ்சாவது நாள். ஒண்ணைத் திருப்பி எடுக்கணும்.”

“எல்லாத்தையும் போட்டுக்கிட்டுதானே நிக்கிற?”

“வண்டியை எடு அண்ணா.”

*

ஆறு மணிக்குக் கடைக்குள் நுழைந்தபோது மெத்தையைத் துடைத்துக்கொண்டிருந்த அவன் ஒரே எட்டில் எழுந்தான். கால் வலியைக்கூட மறந்து.

“தேறிட்டீங்களா?”

“தேறிட்டேன்.”

அவன் சிரித்தான். பதினைந்து நாளில் அவன் பல் தெரிந்தது அன்றுதான். அவள் அதில் கரைந்துவிடாமல் நேராகக் கவுண்டருக்குப் போனாள்.

“மாத்துற சீட்டு ஒண்ணு கொடுங்க.”

“ஜாக்கெட் சரியில்லையா?”

“கொடுங்களேன்.”

கொடுத்தான். பொருள், தேதி, காரணம் என்று மூன்று கட்டம். அவள் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டு, நர்ஸ் கையெழுத்தில், தெளிவாக எழுதி அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

பொருள்: ‘அண்ணா’ என்ற வார்த்தை, ஒன்று. தேதி: நான் முதலில் வந்த நாள். காரணம்: அளவு பொருந்தவில்லை.

அவன் படித்தான். மறுபடி படித்தான். காது நுனி சிவந்தது.

“உபயோகிக்காம இருக்கணுமே...” என்றான், கேட்டும் கேட்காத குரலில்.

“ஒரே தடவை. அதுவும் கோபத்துல. அதுக்கப்புறம் ஒரு நாளாவது எடுத்தேனா, யோசிச்சுப் பாருங்க. எனக்கு ஏற்கெனவே ஒரு அண்ணன் இருக்கான். வெளிய வண்டியில உட்கார்ந்திருக்கான். அவன் ஒருத்தனையே என்னால சமாளிக்க முடியல.” மூச்சை இழுத்துக்கொண்டாள். சரிவின் உச்சியில் நிற்கும்போது வந்த அதே படபடப்பு. அங்கே செய்ததையே இங்கேயும் செய்தாள், காலை முன்னால் விட்டாள். “எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அடுத்த மாசம் மலைக்குப் போயிடுவேன், அதுக்குள்ள சொல்லணும்னு வந்தேன். உங்களுக்கு அப்படி இல்லைன்னா இப்பவே சொல்லிடுங்க. விழுந்தா எழுந்துக்கத் தெரியும் எனக்கு. நீங்கதான் கத்துக்கொடுத்தீங்க.”

அவன் சீட்டின் விளிம்பை நீவிக்கொண்டே இருந்தான்.

“அந்த வெள்ளை...” என்றான் கடைசியில். “அன்னைக்கு அதைப் போட்டுட்டு நீங்க கண்ணாடி முன்னாடி நின்னப்போ எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அவ்வளவு நல்லா இருந்துச்சு. அதே ஜாக்கெட்டுல நீங்க எங்கயாவது யாருக்கும் தெரியாம கிடந்தா என்ன பண்றதுன்னு ராத்திரி பூரா தூக்கம் வரல. முன்ன பின்ன தெரியாதவங்களுக்காக யாராவது அப்படி முழிச்சிருப்பாங்களா... அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“தெரிஞ்சும் சொல்லல.”

“நீங்க கதவுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிட்டீங்களே.”

கல்லாவில் முதலாளியம்மா எதையோ தீவிரமாகத் தேடுவது போல இழுப்பறைக்குள் முகத்தை விட்டுக்கொண்டாள்.

“ஞாயித்துக்கிழமை கடை லீவுதானே,” என்றாள் அவள். “மலைக்கு வருவீங்களா?”

அவன் கை தானாக இடது முட்டிக்குப் போனது. ஆறு வருஷம். பிறகு ஜாக்கெட் வரிசைக்குப் போய், தன் அளவில் ஓர் ஆரஞ்சு ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, மெத்தையின் ஓரத்தில் வந்து நின்றான். நின்றானே தவிர அசையவில்லை. நூற்றுக்கணக்கான பேரை அந்த மெத்தையில் விழவைத்தவன், அவன் மட்டும் அதில் ஒருநாளும் விழுந்ததில்லை.

“விழுங்க,” என்றாள் அவள்.

“எதை?” என்றான். குரல் நடுங்கினாலும் கண் சிரித்தது.

“பயத்தை.”

அவன் விழுந்தான். பக்கவாட்டில், மடங்காத காலோடு, அவ்வளவு அழகாக இல்லை. அவள் எட்டி நின்று முதுகைப் பார்த்து, “ஒரு விரல்கூட இடைவெளி இல்ல,” என்றாள். பிறகு அவன் பக்கத்திலேயே மெத்தையில் உட்கார்ந்துகொண்டாள். வெளியே அண்ணன் பொறுமையிழந்து ஹாரன் அடித்தான். யாரும் எழவில்லை.

முதலாளியம்மா இழுப்பறையை மூடிவிட்டுத் தொண்டையைச் செருமினாள். கையில் அந்தச் சீட்டு.

“இதை முடிக்காம நான் கடையைச் சாத்த முடியாது. பழசை எடுத்துக்கிட்டோம். போர்டுல என்ன போட்டிருக்கு? பதிலுக்கு வேற ஒண்ணு எடுத்துக்கணும். என்னம்மா எடுத்துக்கிறே?”

அவள் குனிந்து கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டாள். சரிவில் வராத வெட்கம் இப்போது வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டது. பதினைந்து நாளாக அவனை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் எதையுமே சொல்லாமல் சுற்றி வந்தவள். இப்போது தெரிந்தது.

“ஏங்க...” என்றாள், மெல்ல.

இத்தனை வருஷத்தில் இந்தக் கடைக்குள் வந்த யாரிடமும் ‘ங்க’ போடாமல் பேசியறியாதவன் அவன். மெத்தையில் கிடந்தபடியே அவள் பக்கம் திரும்பினான்.

“சொல்லு,” என்றான்.